இருபத்தெட்டாம் தேதித் தண்ணீர்

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். பாடம் நடத்துகிறவர்கள் வேறு; நான் பள்ளிக்கூடத்து நடையில் நிற்கிறவள். மணி அடித்த பிறகு எவன் வருகிறான், கழிப்பறையில் எவன் புகைக்கிறான், சட்டைக்குள் எதை ஒளித்துக்கொண்டு போகிறான் என்று பார்ப்பதுதான் பத்தொன்பது வருஷமாக என் பிழைப்பு. பெற்றவர்கள் எனக்கு எர்மெலிந்தா என்று பெயர் வைத்தார்கள். பிள்ளைகள் 'மோப்பம்' என்று வைத்திருக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. என் மூக்கு என்னை ஏமாற்றியதில்லை என்று போன அக்டோபர் மாதம் வரை பெருமையாகவே இருந்தேன்.

அந்த மாதம் உயர்நிலை மூன்றாம் ஆண்டு 'பி' பிரிவுப் பிள்ளைகள் நூலகத்துக்கு எதிரே இறந்தவர்களுக்குப் படையல் மேடை கட்டினார்கள். தலைநகரத்திலிருந்து மாற்றலாகி வந்த ஃபபியோலா டீச்சரின் ஏற்பாடு. பாடத்தின் பெயர் 'நாம் யார்'. அவரவர் வீட்டு வழக்கத்தைக் கொண்டுவந்து, எல்லோரும் சேர்ந்து ஒரே மேடையாகக் கட்ட வேண்டுமாம். நாம் யார் என்று தெரியாமலா இவ்வளவு நாள் ஓட்டுப் போட்டோம் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். ஆனால் பிள்ளைகள் அதற்காக அடித்துக்கொண்டதைப் பார்த்தபோது டீச்சர் லேசான ஆள் இல்லை என்று தோன்றியது. மூன்று படியா ஏழு படியா என்று ஒரு நாள் சண்டை. உப்பைத் தட்டில் வைப்பதா, தரையில் சிலுவையாகக் கொட்டுவதா என்று இன்னொரு நாள். நியூயார்க்கில் ஐந்து வருஷம் இருந்துவிட்டு வந்த ஒருத்தி, அமெரிக்கக்காரர்கள் பேய்த் திருநாளுக்கு வைக்கிற பிளாஸ்டிக் பூசணிக்காயைக் கொண்டுவந்து வைத்தாள். அதை யார் எடுத்து வெளியே போட்டது என்று அவள் இன்றைக்கும் விசாரித்துக்கொண்டிருக்கிறாள். நான்தான் போட்டேன்.

ஏழு படி, செண்டுமல்லி வளைவு, வெட்டுக் காகிதத் தோரணம், ரொட்டி, மோலே குழம்பு, குங்கிலியத் தூபம் என்று மேடை எழுந்தது. அரேலி என்ற பெண்ணுக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். செத்தவர்களில் யார் எந்த நாளில் திரும்பி வருவார்கள் என்ற பட்டியலை அவள்தான் எழுதி ஒட்டினாள். இருபத்தேழு, வளர்த்த நாய் பூனைகளுக்கு. இருபத்தெட்டு, கத்தியிலும் குண்டிலும் சக்கரத்திலும் போனவர்களுக்கு. முப்பத்தொன்று, குழந்தைகளுக்கு. நவம்பர் இரண்டு, மற்ற பெரியவர்களுக்கு. எத்தனை வழக்கத்தில் வேறுபட்டாலும் ஒன்றில் மட்டும் ஒரு பிள்ளையும் மாறுபடவில்லை. உயிரோடு இருப்பவர் படம் மேடையில் வரக்கூடாது. வைத்தால் சாவைக் கூப்பிட்டது போல. செத்துப்போன மாமாவோடு தானும் நிற்கிற படத்தைக் கொண்டுவந்த ஒரு பையனை, கத்தரிக்கோல் கொடுத்து, அவன் பாதியை அவனையே வெட்டி எடுக்கச் சொன்னேன்.

இருபத்தெட்டு திங்கட்கிழமை வந்தது. காலை ஏழு அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. நடை விளக்கைப் போட்டபோது நாலாவது படியில், ஒரு குண்டுப் பெண்மணிக்கும் ஒரு சிப்பாய்க்கும் நடுவே புதிதாக ஒரு படம் இருந்தது. முன்னால் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர். குனிந்து முகத்தைப் பார்த்தேன். ஹசிந்தோ. அரேலியின் அப்பா.

எங்கள் ஊரில் அந்த முகத்தைத் தெரியாதவர் இல்லை. கம்பத்துக்குக் கம்பம், மருந்துக்கடைக் கதவு, பேருந்து நிறுத்தம் என்று மூன்று வருஷமாக ஒட்டியிருக்கிறது. 'காணவில்லை.' ஒரு பிப்ரவரியில் வெங்காய லோடு ஏற்றிக்கொண்டு இரண்டு லாரிகள் கடற்கரைப் பக்கம் போயின. ஒன்று ஹசிந்தோவுடையது, மற்றது ரொஹேலியோவுடையது. ரொஹேலியோ திரும்பி வந்தார். ஹசிந்தோவின் லாரி சாலையோரத்தில் நின்றது, வெங்காயம்கூட அப்படியே இருந்தது, ஆள் மட்டும் இல்லை. சுங்கச்சாவடியிலேயே பிரிந்துவிட்டோம், அதற்குப் பிறகு பார்க்கவில்லை என்று ரொஹேலியோ போலீசில் சொன்னார். அதற்கப்புறம் அவர் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. லாரியை விற்றுவிட்டு ஜெராக்ஸ் கடை போட்டார். போனது ரெண்டு, வந்தது ஒண்ணு என்று ஊர் முணுமுணுத்தது. முகத்துக்கு நேரே யாரும் கேட்கவில்லை. துப்பாக்கிக் கும்பல்கள் ஆளுகிற ஊரில் அப்படிக் கேட்கிற காலமும் இது இல்லை.

ஹசிந்தோவின் மனைவி ஒதிலியா சனிக்கிழமைதோறும் அவளைப் போல ஆளைத் தொலைத்த பெண்களோடு இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் போவாள். கம்பியை மண்ணில் அடித்து இறக்கி, உருவி, கீழே புதைத்த உடலின் வாடை வருகிறதா என்று நுனியை முகர்ந்து பார்ப்பார்கள். இதை எப்படி உன்னால் செய்ய முடிகிறது என்று ஒருமுறை கேட்டேன். அவர் அங்கே இல்லை என்று ஒவ்வொரு மலையாக உறுதி செய்துகொண்டு வருகிறேன் என்றாள். வீட்டில் சாப்பாட்டு மேஜையில் அவருக்குத் தட்டு வைக்கிறாள். செத்தவர்களுக்கான மெழுகுவத்தி ஏற்றுவதில்லை. அப்படிப்பட்டவளின் புருஷனைக் கொண்டுவந்து, அதுவும் வெட்டுப்பட்டுச் செத்தவர்கள் வருகிற நாளில், மேடையில் வைத்துவிட்டது ஒரு கை.

படத்தை எடுப்பதற்குள் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். கூட்டத்தில் அரேலியும் இருந்தாள். அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. நேராகப் போய்ப் படத்தை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

"எங்கப்பா சாகல. இதை வச்ச கை அழுகிப் போகட்டும்," என்றாள்.

ஃபபியோலா டீச்சர் அவளை அணைத்துக்கொள்ளப் போனார். அவள் விலகி வகுப்புக்குள் போய்விட்டாள். எனக்கு ரத்தம் கொதித்தது. கொதித்தாலும் மூக்கு வேலை செய்துகொண்டுதான் இருந்தது. அந்தப் படம் கம்பத்தில் ஒட்டியிருக்கிற விறைத்த படம் இல்லை. லாரிப் படிக்கட்டில் உட்கார்ந்து, மாண்டரின் பழத்தை உரித்தபடி சிரிக்கிற படம். அதன் இடது ஓரத்தில் மெல்லிசாக ஊதாக் கோடு ஒன்று ஓடியது. ரொஹேலியோ கடை மெஷினுக்கு அந்த வியாதி உண்டு. எங்கள் ஊர் அடையாள அட்டை நகல் எல்லாவற்றிலும் அந்தக் கோடு இருக்கும்.

ரொஹேலியோவின் மகன் இசாயாஸ் அதே 'பி' பிரிவில் படிக்கிறான். இதற்கு மேல் என்ன வேண்டும்? அப்பா கடையில் படம் போட்டு, ஹசிந்தோ செத்துவிட்டார் என்று தெரிந்தவன் போல வைத்திருக்கிறான். எப்படித் தெரியும்? வீட்டில் பேசக் கேட்டிருப்பான். நான் கூட்டிக் கழித்துப் பார்த்தேன், கணக்கு பிசகவே இல்லை. அன்று முழுவதும் அவனைக் கண்ணாலேயே துரத்தினேன். அவன் யாரோடும் பேசவில்லை. இடைவேளையில் அரேலியைப் பார்த்தான், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கள்ளன் குனிந்துதானே நடப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை படம் மறுபடி அதே இடத்தில் இருந்தது. டம்ளரில் தண்ணீர் விளிம்பு வரை. இந்த முறை யாரும் பார்ப்பதற்கு முன் படத்தை எடுத்து என் மேஜை இழுப்பறையில் பூட்டினேன். இன்னொரு நகல் போட்டிருக்கிறான் என்றுதான் நினைத்தேன். நேற்று அந்தப் படம் யார் பைக்குள் போனது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். சந்தேகப்படுகிறவளுக்கு அந்தச் சந்தேகம் மட்டும் வரவில்லை.

விளையாட்டு நேரத்தில் இசாயாஸைக் கூப்பிட்டு, அவன் கண்ணெதிரே பையைக் கொட்டச் சொன்னேன். கணக்கு நோட்டுக்குள் இன்னொரு படம் மடித்து இருந்தது. அதே லாரி, அதே பழம், அதே ஊதாக் கோடு.

"இது என்னடா?"

"படம் மேடம்."

"யார் படம்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"நீதான் வச்சியா?"

அவன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஊமைப் பிள்ளைகளைப் பேச வைப்பதில் எனக்குப் பேர் உண்டு. அந்தப் பேருக்கு அவன் கறை வைப்பதாகக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் சொல்லக்கூடாததைச் சொன்னேன்.

"உங்கப்பனுக்குத் தெரிஞ்சது உனக்கும் தெரியும், இல்ல?"

அப்போதுதான் அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். பதினைந்து வயசுக்காரன் கண்ணா அது என்று இருந்தது. கலங்கவில்லை, முறைக்கவில்லை. எடுத்துக்கோங்க என்று நோட்டை என் பக்கம் தள்ளிவிட்டுப் போய்விட்டான்.

அன்று மதியமே ஒதிலியாவுக்குப் போன் செய்தேன். உன் புருஷன் படத்தை ஒருத்தன் படையலில் வைத்திருக்கிறான், நாளைக் காலை ஏழு மணிக்கு வா, கையும் களவுமாகப் பிடித்துக் கொடுக்கிறேன் என்றேன். வருகிறேன் என்று மட்டும் சொன்னாள். போனை வைத்தபோது எனக்கு ஒரு திருப்தி இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

புதன்கிழமை ஆறே காலுக்கே நூலகக் கதவின் பின்னால் போய் நின்றேன். பெருக்குகிறவர்களுக்காக வாசல் திறந்திருந்தது. இரவில் எங்கள் ஊர் எரிமலையின் சாம்பல் விழுந்திருந்ததால் செண்டுமல்லி எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. ஆறரைக்குக் காலடி கேட்டது.

வந்தவள் அரேலி. கையில் தண்ணீர் பாட்டில்.

டம்ளரில் இருந்த பழைய தண்ணீரைச் செடித் தொட்டியில் ஊற்றினாள். பாவாடையால் டம்ளரைத் துடைத்தாள். விளிம்பு வரை நிரப்பினாள். பிறகு படம் இருந்த வெற்று இடத்தைப் பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். நான் வெளியே வந்ததைக் கண்டு அவள் எழுந்திருக்கக்கூட இல்லை.

"கை அழுகட்டும்னு நீதானே சொன்ன," என்றேன்.

"எல்லாரும் திடுதிப்புனு வந்துட்டீங்க. நீங்க அம்மாகிட்ட சொல்லிடுவீங்கன்னு பயம். வேற என்ன பண்றதுன்னு தெரியல மேடம். என் கையத்தான் சொல்லிக்கிட்டேன்."

"ஏன் வச்ச?"

"செத்தவங்க தாகத்தோட வருவாங்கன்னு நீங்கதானே எல்லாருக்கும் சொல்றீங்க. முதல்ல தண்ணி வைங்கன்னு. எங்கப்பா மூணு வருஷமா வந்து, வீட்டு வாசல்ல நின்னு பாத்துட்டு, ஒரு வாய் தண்ணி இல்லாமத் திரும்பிப் போயிருந்தா? உள்ள அவருக்குத் தட்டு வச்சிருக்கோம் மேடம். தட்டு உயிரோட இருக்கிறவங்களுக்கு. செத்தவரு எப்படி வந்து உக்காருவாரு?"

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தும் என் புத்தி போகவில்லை. மூன்று வருஷம் வராத யோசனை இந்த வருஷம் மட்டும் ஏன் வந்தது என்று கேட்டேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதைச் சொல்வதற்குள் வாசலில் ஆள் வந்துவிட்டது.

ஒதிலியா சனிக்கிழமை மலைக்குப் போகிற பூட்ஸோடு, புருஷன் முகம் அச்சடித்த பனியனோடு வந்து நின்றாள். அவளுக்குப் பின்னாலேயே இசாயாஸ். என் இழுப்பறையில் இருக்கிற படத்துக்காக அவன் சீக்கிரம் வந்திருக்க வேண்டும். அவளைப் பார்த்ததும் அவன் ஒரு கணம் நின்றான். பிறகு நேராக அவள் முன்னால் போனான்.

"நான்தான் வச்சேன் அத்தை," என்றான்.

ஒதிலியா அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள். மூன்று வருஷமாக ரொஹேலியோவைக் கேட்காத கேள்வி அந்தப் பிள்ளையின் கழுத்தில் வந்து இறங்கியது.

"எங்கடா இருக்காரு? உங்கப்பன் சொன்னானா? எந்த இடம்? சொல்லுடா."

நான் குறுக்கே போவதற்குள் அரேலி எழுந்து அம்மாவின் கையைப் பிடித்துவிட்டாள்.

"விடும்மா. அவன் இல்ல. நான்தான் வச்சேன்."

ஒதிலியாவின் கை தானாகக் கழன்றது. தன் மகளை அவள் பார்த்த பார்வையை நான் திரும்பப் பார்க்க விரும்பவில்லை. பெற்ற பெண்ணே தன் புருஷனைக் கொன்றுவிட்டது போலப் பார்த்தாள். அரேலி இசாயாஸைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை. அவன் தலையை ஆட்டி, தானே சொன்னான்.

"எங்க வீட்டுல அப்பா ஒரு டம்ளர் தண்ணி வைப்பாரு அத்தை. படம் இல்லாம. யாருக்குன்னு கேட்டா அடிப்பாரு. நாங்க பட்டியல் எழுதுறப்ப நான் விளையாட்டா அரேலிகிட்ட சொன்னேன், எங்க வீட்டுல பேரே இல்லாத ஒருத்தருக்கு வைக்கிறோம்னு. என்னைக்குன்னு கேட்டா. சொன்னேன். அதுக்கப்புறம்தான் ரெண்டு பேருக்குமே புரிஞ்சுது. படத்தை எங்க கடையில நான்தான் ரெண்டு நகல் போட்டேன், ஒண்ணு அவளுக்கு."

"என்னைக்கு?" என்றாள் ஒதிலியா.

"இருபத்தெட்டு. மூணு வருஷமா."

எங்கள் ஊரில் காணாமல் போனவனுக்கு யாரும் இருபத்தெட்டாம் தேதி தண்ணீர் வைப்பதில்லை. செத்தானா என்றே தெரியாதபோது எப்படிச் செத்தான் என்று யாருக்குத் தெரியும்? பார்த்தவன்தான் அந்தத் தேதியில் வைப்பான். போலீசிடமும் ஊரிடமும் வாயைப் பூட்டிக்கொண்ட ரொஹேலியோவுக்கு, செத்தவனை மட்டும் ஏமாற்ற முடியவில்லை. நாள் மாற்றி வைத்தால் அவனுக்குத் தண்ணீர் கிடைக்காதே.

ஒதிலியா மேடையருகே போனாள். கத்துவாள், எல்லாவற்றையும் தள்ளிவிடுவாள் என்று பயந்தேன். அவள் அந்த டம்ளரை மட்டும் எடுத்தாள். தண்ணீர் சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். அரேலி போனாள், இசாயாஸ் போனான், நானும் போனேன். பத்தொன்பது வருஷத்தில் காலை ஏழு அடிக்கும்போது நான் நடையில் இல்லாதது அன்று ஒருநாள்தான்.

மூன்று தெரு தள்ளி ரொஹேலியோ கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். ஒதிலியாவின் கையைப் பார்த்தார். எதற்கு வந்தீர்கள், என்ன டம்ளர் இது என்று ஒரு மனிதன் கேட்பானா மாட்டானா? அவர் கேட்கவில்லை. பாதி தூக்கிய ஷட்டரை அப்படியே விட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார்.

"ஏன்னு கேக்க வரல," என்றாள் ஒதிலியா. "எங்கன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் மகனைப் பார்த்தார். இசாயாஸ் பார்வையைத் தாழ்த்தவில்லை.

"அந்தக் கும்பல்காரங்க, இவன் எந்த ஸ்கூல்ல படிக்கிறான், எத்தனை மணிக்கு வெளிய வருவான் எல்லாம் சொன்னாங்கம்மா," என்றார் ரொஹேலியோ. "எம்பேரைக்கூடக் கேக்கல. இவன் பேரைத்தான் சொன்னாங்க." கடைக்குள் போய் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, சாலையையும் ஓடையையும் பழைய பாலத்தையும் வரைந்தார். பாலத்துக்கு இப்பால் ஒரு மரம். மரத்துக்குக் கீழே சிலுவை. தாளின் ஓரத்தில் அந்த ஊதாக் கோடு இல்லாதது எனக்கு ஏனோ உறைத்தது.

என் சந்தேகம் சரியாகத்தான் இருந்தது என்று நீங்கள் சொல்லலாம். நானும் என்னிடம் சொல்லிப் பார்த்தேன். வீடு சரி, ஆள் தப்பு. ஒரு பிள்ளை தன் அப்பனையும் தோழியையும் சேர்த்துக் காப்பாற்றிக்கொண்டு நின்றபோது, நான் அவன் பையைக் கொட்டிக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை அவனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அது பழக்கமில்லாததால் திட்டுவது போலவே வந்தது. பரவால்ல மேடம் என்றான். பரவாயில்லை என்கிற முகம் இல்லை அது.

நவம்பர் இரண்டு சனிக்கிழமையாக வந்தது. ஒதிலியாவும் மற்றப் பெண்களும் அந்தத் தாளோடு பாலத்துக்குப் போனார்கள். முதல் கம்பியிலேயே தெரிந்துவிட்டதாம். எலும்பு அவருடையதுதான் என்று ஆய்வகம் சொல்ல இன்னும் மாதங்கள் ஆகும். பெல்ட்டுக் கொக்கியை ஒதிலியா அடையாளம் கண்டாள். கல்யாணத்துக்கு அவள் வாங்கிக் கொடுத்தது.

திங்கட்கிழமை பிள்ளைகள் மேடையைப் பிரிக்க வந்தார்கள். பூ வாடியிருந்தது. முதல் படியைக் கலைக்கும்போது ஒதிலியா வந்தாள், அன்று பனியன் இல்லாமல், கறுப்பு உடுப்பில். இன்னும் ஒருநாள் விட்டு வைக்க முடியுமா என்று ஃபபியோலா டீச்சரிடம் கேட்டாள். எல்லோரும் வந்து போய்விட்டார்களே, நாள் தாண்டிவிட்டதே என்று டீச்சர் தயங்கினார்.

"மூணு வருஷம் காக்க வச்சுட்டோம் டீச்சர். ரெண்டு நாள் தாமதத்துக்கு அவரு கோச்சுக்க மாட்டாரு."

நான் இழுப்பறையைத் திறந்து படத்தைக் கொடுத்தேன். அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். மாண்டரின் உரிக்கிற விரல்களை ஒருமுறை தொட்டாள். பிறகு நாலாவது படியில், குண்டுப் பெண்மணிக்கும் சிப்பாய்க்கும் நடுவே, தன் கையாலேயே வைத்தாள். அரேலி பாட்டிலோடு முன்னால் வந்தபோது அவள் தடுத்தாள். கதவோரம் உள்ளே வராமல் நின்ற இசாயாஸைப் பார்த்தாள்.

"இங்க வாப்பா," என்றாள். "நீ ஊத்து."

அவன் வந்து டம்ளரை நிரப்பினான். பாதித் தண்ணீர் படியில் சிந்தியது. யாரும் அதைத் துடைக்கவில்லை.